உறை போட்ட வண்டி

என் கணவருக்கு அந்த வண்டியின் மேல் இருந்த பைத்தியத்தை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நான். கடைசியில் அந்த வண்டி விஷயத்தில் தலைகுனிந்து நின்றது அவரில்லை, நான்தான். இத்தனை வருஷத்தில் இதை அவர் ஒருவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கம். கோபாலபுரத்தில் ஒரு சின்ன சந்து. கீழ் வீட்டில் நாங்கள், மாடியில் வீட்டுச் சொந்தக்காரர். டெலிபோன் அவர்கள் வீட்டில்தான். எங்களுக்கு ஏதாவது வந்தால் பால்கனியிலிருந்து கூப்பிடுவார்கள். கணவருக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. மாதத்தில் பத்து நாள் வேலூர், சேலம் என்று மருந்து சாம்பிள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைவார். அதனால் சாதாரணக் கார் வேண்டாம், ஸ்டேஷன் வேகன்தான் வேண்டும் என்று பதிந்து வைத்தார். பதிந்தது எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். வண்டி வந்து சேர்ந்தது கல்யாணமாகி ஐந்தாம் வருஷம். "எனக்கு மூத்தாள் இவள்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் வண்டியைக் காட்டிச் சொல்வேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பெருமையாகச் சிரிப்பார்.

பார்க்கச் சின்ன வண்டிதான். முன்பக்கம் கச்சிதமான கார். பின்பக்கம் மட்டும் பெட்டி மாதிரி நீண்டு, மேலே தூக்கித் திறக்கிற கதவோடு இருக்கும். பின் சீட்டை முன்னால் மடக்கிவிட்டால் கதவு வரைக்கும் சமதளம். "ஓட்டினா ரேஸ் கார், மடக்கினா லாரி" என்பார். வந்த அன்றே மயிலாப்பூருக்கு ஓட்டிப்போய்க் கபாலி கோவில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். "எலுமிச்சம்பழம் இல்லாட்டா பிரேக் பிடிக்காதோ?" என்று கேட்டேன். நான் கான்வென்ட்டில் படித்தவள். சகுனம், தீட்டு இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்வதில் எனக்கொரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அதற்கப்புறம் ஜோடனை ஆரம்பித்தது. வாரம் ஒருநாள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கார் சாமான் கடைகளுக்குப் போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு வாரம் ஸ்டியரிங்குக்குப் பின்னல் உறை. அடுத்த வாரம் காலடிக்கு ரப்பர் விரிப்பு. மூடுபனியே இல்லாத மெட்ராஸில் மூடுபனிக்கென்று இரண்டு மஞ்சள் விளக்கு. டேஷ்போர்டில் ஒரு பிள்ளையார், பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மின்விசிறி. காற்று முழுக்கப் பிள்ளையாருக்குத்தான் வரும். கூரைமேல் கேரியர் வைத்தார். ஜோடி ஹாரன் வாங்கி மாட்டினார். அதை அடித்துக் காட்டிய அன்று மாடி வீட்டு மாமி கையிலிருந்த காபியைக் கொட்டிவிட்டார்.

இவ்வளவு செய்துவிட்டு ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போவார். வெயிலில் நின்றால் பெயின்ட் வெளுத்துவிடுமாம். வேலூர் சேலத்துக்குப் பழையபடி ரயில்தான். ரோடெல்லாம் குண்டும் குழியுமாக இருக்கிறதாம். வண்டி எங்கள் வீட்டுப் பக்கவாட்டு நடையில், உறை போர்த்திக்கொண்டு நிற்கும். அந்த உறை காக்கித் துணியில் அளவெடுத்துத் தைத்தது. பக்கத்துக் கண்ணாடிகளுக்குக்கூட இரண்டு காது வைத்திருந்தது. வாங்கினது வண்டியா, உற்சவ விக்கிரகமா என்று கேட்பேன்.

உறையைத் தைத்தவர் மீர்சாகிப்பேட்டையில் சீட் கவர் கடை வைத்திருந்த பாய். சீட்டுக்கு மெரூன் ரெக்சின், பின் கண்ணாடிகளுக்குப் பச்சைத் திரை எல்லாமே அவர் வேலைதான். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும், அதோடேயே பேசுவார். சொன்ன நாளில் எதையும் தந்ததில்லை, ஆனால் தந்ததில் குறை சொல்ல முடியாது. ஆறு திரை மாட்ட வேண்டியதில் ஐந்தை மாட்டிவிட்டு ஆறாவதற்குத் துணி போதவில்லை என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நான் மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தேன். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்திலும் இன்னொன்று ஐந்தாம் மாதத்திலும் போயிற்று. இரண்டாவது முறை டாக்சியில் போகும்போதே, பாண்டி பஜார் திரும்புவதற்குள், எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் இந்த முறை தி. நகர் நர்சிங் ஹோம் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படுத்தே இருக்க வேண்டும், செக்கப்புக்கு வருவதாக இருந்தாலும் படுத்துக்கொண்டே வர வேண்டும். இவர் முகம் பிரகாசமாகிவிட்டது. "நம்ம வண்டி பின்ன எதுக்கு இருக்கு?" என்றார். அன்றைக்கே பாயிடம் போய்ப் பின்பக்கத்துக்கு ஒரு மெத்தை சொல்லிவிட்டு வந்தார்.

மெத்தையைக் கொண்டுவந்த அன்று பாய் தனியாக வரவில்லை. அவர் சம்சாரமும் கூட வந்திருந்தாள். கறுப்பு புர்கா, முகத்தை மறைத்த துணியை மேலே தூக்கிவிட்டிருந்தாள். நல்ல உயரம், பாயைவிட ஒரு சாண் அதிகம். பஞ்சு திணித்து, ஓரம் முழுக்கக் கயிறு வைத்து மடித்துக் கையால் தைத்தது அவள்தானாம். மிஷினில் தைத்தால் ஓரம் முதுகில் உறுத்தும், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஆகாது என்று அவளே கையால் தைத்திருக்கிறாள். மெத்தையை வண்டிக்குள் விரித்ததும் என் கணவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீளம் போதுமா, கதவு மூடுமா, காலை மடக்க வேண்டியிருக்குமா என்று ஆரம்பித்தார்.

அவள் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறிப் படுத்துவிட்டாள். "நான் படுத்தா ஊரே படுக்கலாம். கதவை மூடுங்க" என்றாள். பாய் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு "இன்னா பண்றே நீ, எறங்கு" என்று அதட்டினார். கதவு மூடியது. கண்ணாடி வழியே அவள் காலை நன்றாக நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இறங்கினதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீங்கம்மா. தொட்டில் மாதிரி போலாம்" என்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த மெத்தையில் படுத்துக்கொண்டு மூன்று முறை தி. நகர் போய்வந்தேன். மல்லாந்து படுத்தபடி, கண்ணாடியில் மரக்கிளைகளும் கரண்டு கம்பியும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போவேன். இவர் கட்டைவண்டி வேகத்தில் ஓட்டுவார். பின்னாலிருந்து பஸ்காரன் திட்டுவான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. அந்த வண்டியைக் கேலி செய்வதைக்கூட அப்போது நிறுத்தியிருந்தேன்.

ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் பகல் பதினோரு மணி இருக்கும், வாசல் கதவைத் தட்டும் சத்தம். மெதுவாக எழுந்து போய்த் திறந்தேன். பாய் நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். வாயில் குண்டூசி இல்லை.

"சார் கீறாராம்மா?"

"ஆபீசுக்குப் போயிருக்காரே பாய். திரை கொண்டுவந்தீங்களா?"

"இல்லம்மா." அப்புறம் சொன்னார். "வூட்ல மௌத்தாயிட்டா. காலைல. மூணு நாளா காய்ச்சல்னு ஆஸ்பத்திரில போட்டிருந்தேன்."

மெத்தையில் படுத்துக் காட்டினவள் செத்துப்போயிருக்கிறாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். ஐயோ என்று சொன்னேனா, மனதுக்குள் நினைத்தேனா, தெரியவில்லை. அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"நாலு மணிக்கு, அஸர் தொழுவைக்குள்ள அடக்கம் பண்ணணும்மா. அதுக்கு முன்னாடி வூட்டாண்ட கொண்டு போயி குளிப்பாட்டணும். ஆஸ்பத்திரி வண்டி வேற எங்கியோ போயிருக்குதாம், சாயங்காலம் ஆவும்ன்றாங்க. மேல் வூட்லேர்ந்து சாருக்கு ஒரு போன் போட்டீங்கன்னா வந்துடுவாரு. பின்னாடி சீட்டை மடக்கிட்டா சரியா இருக்கும்மா. அவளே படுத்துப் பாத்தாளே."

எனக்கு அந்தக் கணம் தெரிந்தது ஒன்றுதான். போன் போட்டால் இவர் வந்துவிடுவார். ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டார். ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு வந்து, உறையை உருவி எறிந்துவிட்டு, பாயை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போவார். அந்தப் பெண்ணை அந்த மெத்தையில் கிடத்திக் கொண்டுபோவார்கள். அதற்கப்புறம் அதே மெத்தையில் நான் படுக்க வேண்டும். என் பிள்ளையை அதிலே வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரள் புரண்டது. சகுனமாவது தீட்டாவது என்று பேசினவள் அப்போது எங்கே போனாளோ, தெரியாது.

"வண்டி இங்க இல்ல பாய்" என்றேன். "ஒர்க்ஷாப்பில விட்டிருக்கு."

நாக்கு கூசவே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பாய் நின்ற படியிலிருந்து பக்கவாட்டு நடை நேராகத் தெரியும். பத்தடி தூரத்தில் வண்டி நிற்கிறது. அவர் தைத்த காக்கி உறை, அவர் வைத்த இரண்டு காது.

அவர் தலையைத் திருப்பி அங்கே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சரிம்மா. ஒர்க்ஷாப்லேர்ந்து வந்ததும் சொல்லி அனுப்புங்க. ஒரு திரை பாக்கி கீது, மாட்டிடறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். ஓடவில்லை, வேகமாகக்கூட நடக்கவில்லை. கேட்டை ஜாக்கிரதையாகச் சாத்திவிட்டுப் போனார். நான் கதவைத் தாழிட்டுவிட்டுப் படுக்கையில் வந்து விழுந்தேன். பின்னாலேயே ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். சந்து முனை வரைக்கும் அவர் நடக்க எப்படியும் மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். டாக்டரம்மா நடக்கக் கூடாது என்றிருக்கிறார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மாடிக்குக் குரல் கொடுத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அன்று சாயங்காலம் இவர் வந்ததும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை, மத்தியானமே ஆபீஸ் முடிந்து, வருகிற வழியில் திரையைக் கேட்டு வரலாமென்று பாய் கடைக்குப் போயிருக்கிறார். கடை பூட்டியிருந்தது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"பாய் சம்சாரம் தவறிட்டாளாம்" என்றார். "வண்டி கிடைக்கலையாம். டாக்சிக்காரன் பிணத்தை ஏத்த மாட்டான்னு, நடுவுல உட்கார வெச்சு, ரெண்டு பக்கமும் ரெண்டு பொம்பளைங்க தாங்கிப் பிடிச்சு, மயக்கம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. உயரமான பொம்பளை இல்ல? தலை கூரையில இடிச்சுதாம். வழியெல்லாம் இடிச்சுதாம்."

"நம்மகிட்ட ஏன் வரல அந்த மனுஷன்?" என்றார். "நான் போயிருக்க மாட்டேனா? என்னை என்னன்னு நினைச்சிட்டார்? இத்தனை நாள் பழகியும் இவ்வளவுதானா?" அவர் குரல் உடைந்தது. பாய் தன்னை நம்பவில்லை என்று அவருக்குத் தாங்க முடியாத வருத்தம். மூன்றாவது முறையும் அதையே கேட்டபோது என்னால் முடியவில்லை.

"வந்தார்" என்றேன். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், உறையைத் திரும்பிப் பார்த்ததையும், திரை மாட்டுகிறேன் என்றதையும்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் வயிற்றைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி மேலிருந்த உறையை உருவி, மடித்து, பரண்மேல் போட்டார். அதற்கப்புறம் அந்த வண்டிக்கு அவர் உறை போட்டதே இல்லை. திங்கட்கிழமையிலிருந்து ஆபீசுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தெருவில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும், சாவு விழுந்தாலும், கேட்பதற்கு முன்னாலேயே வாசலில் போய் நிறுத்துவார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசிறி கெட்டுப்போனது, அப்படியே விட்டுவிட்டார்.

எனக்கு ஒரு குறையும் வரவில்லை. பத்தாம் மாதம் பெண் குழந்தை பிறந்தது. அந்த மெத்தையில்தான் படுத்துக்கொண்டு போனேன், அதிலேயே குழந்தையை அணைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஓரத்துத் தையல் ஓர் இடத்திலும் உறுத்தவில்லை. வழியெல்லாம் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா நினைத்துக்கொண்டாள்.

இவர் நடுவில் இரண்டு முறை பாயைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குழந்தைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறாவது திரையோடு பாயே வந்து நின்றார். தாடி நரைத்து இன்னும் ஒல்லியாகியிருந்தார். இவர் காபி கொண்டுவரப் போகிறவர்போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வேண்டுமென்றேதான் போனார்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பாய் வாயில் குண்டூசியோடு திரைக்கம்பியை மாட்டிக்கொண்டிருந்தார். நாலு மாதமாக ராவும் பகலும் மனதில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"பாய், அன்னிக்கு நான்..."

அவர் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தார். திரும்பாமலே சொன்னார்.

"அன்னிக்கு வண்டி ஒர்க்ஷாப்ல தானேம்மா இருந்துச்சு."

அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை. திரையை இழுத்துப் பார்த்தார், திரும்பத் தள்ளினார். சரியாக ஓடியது. பின் கதவை மூடுவதற்கு முன் மெத்தையின் ஓரத்தை, அந்தக் கைத்தையலை, உள்ளங்கையால் ஒரு முறை நீவிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினவர், குழந்தையைப் பார்த்து நின்றார்.

"மெத்தை சரியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். "காய்ச்சல்லகூட கேட்டுக்கினே இருந்தா. அந்தம்மாவுக்கு நீளம் போதுதா, ஓரம் உறுத்தலியே, கேட்டீங்களா கேட்டீங்களான்னு."

"சரியா இருந்தது பாய்" என்றேன்.